ஒரு லிட்டரில் ஒன்றரை மில்லிகிராம்

தர்மபுரி ஜில்லாவில் புதிதாக ஒரு கிணறு வெட்டியோ, போர் போட்டோ தண்ணீர் கண்டுவிட்டால், அது நல்ல தண்ணீர்தானா என்று தீர்மானிப்பதற்குக் குடியானவர்கள் பரம்பரையாகக் கையாண்டு வரும் பரீட்சைகள் மூன்று உண்டு: ஒரு கை அள்ளிக் குடித்துப் பார்ப்பது, துவரம்பருப்பு எவ்வளவு நேரத்தில் வேகிறது என்று பார்ப்பது, சோப்புப் போட்டால் நுரைக்கிறதா என்று பார்ப்பது. ரசாயனம் படித்தவர்கள் இவற்றைக் கண்டு நகைப்பதற்கு நியாயம் இல்லை. உப்பின் மிகுதியை நாக்கும், கால்சியத்தாலும் மக்னீசியத்தாலும் உண்டாகிற கடினத்தன்மையைப் பருப்பும் சோப்பும் ஏறக்குறையச் சரியாகவே காட்டிக் கொடுக்கின்றன. ஆயினும் அந்த ஜில்லாவின் நிலத்தடி நீரில் பல தலைமுறைகளாக உறைந்திருக்கும் தோஷம், இம்மூன்று பரீட்சைகளுக்கும் அகப்படாத ஒன்றாக அமைந்துவிட்டது. ஃப்ளூரைடுக்கு, நாம் குடிக்கிற நீரில் அது இருக்கும் அளவில், நிறம் கிடையாது, வாசனை கிடையாது, ருசியும் கிடையாது. பிள்ளைகளுக்குப் பால்பல் விழுந்து புதுப்பல் முளைத்து, அதன்மேல் சுண்ணாம்பு தீற்றினாற்போல வெண்மையோ, பிறகு பழுப்புக் கறையோ தோன்றும்போதுதான் வீட்டார் அதை அறிகிறார்கள். அந்தப் பல் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருந்த காலத்திலேயே தீங்கு நடந்து முடிந்துவிட்டதால், அவ்வறிவினால் அந்தப் பிள்ளைக்கு யாதொரு பிரயோஜனமும் இல்லை. மேலும் பல ஆண்டுகள் அதே நீரைக் குடித்தவர்களுக்கு எலும்பும் மூட்டும் இறுகி, குனியவும் நிமிரவும் இயலாமற் போவதும் உண்டு.

இந்த ஃப்ளூரைடு எங்கிருந்து வருகிறது? யாரும் கொண்டுவந்து கொட்டியதன்று. கிரானைட்டும் நைஸும் சார்னோகைட்டுமாகிய கெட்டிப் பாறைகளின்மேல் அமைந்த பூமி அது. அப்பாறைகளில் அப்பட்டைட், ஹார்ன்பிளெண்ட், பயோட்டைட் என்ற கனிமங்கள் விரவியிருக்க, அவற்றினுள் ஃப்ளூரின் கட்டுண்டு கிடக்கிறது. பெய்கிற சொற்ப மழை பாறை வெடிப்புகளில் இறங்கி, நகர வழியின்றி நெடுங்காலம் தங்கி, அக்கனிமங்களைச் சிறுகச் சிறுகக் கரைத்துக்கொள்கிறது. இதில் ஒரு விசித்திரத்தைக் கவனிக்க வேண்டும். கால்சியமும் ஃப்ளூரைடும் நீரில் சந்தித்தால் கால்சியம் ஃப்ளூரைடு என்ற அரிதிற் கரையும் உப்பாகப் படிந்துவிடும் சுபாவம் உடையவை. கால்சியத்தின் செறிவோடு ஃப்ளூரைடின் செறிவை இருமுறை பெருக்கி வருகிற தொகை ஒரு குறிப்பிட்ட எல்லையைத் தாண்டுவதற்கு நீர் இடங்கொடாது. இந்த எல்லைக்குத்தான் கரைதிறன் பெருக்கம் என்று ரசாயன நூல்கள் பெயரிட்டிருக்கின்றன. வாலைவடிநீரில் அவ்வுப்பைப் போட்டால் லிட்டருக்கு ஏறக்குறைய 8 மில்லிகிராம் ஃப்ளூரைடு கரையும். அதே நீரில் முன்கூட்டியே 100 மில்லிகிராம் கால்சியம் இருந்துவிட்டால், 2 மில்லிகிராமுக்குச் சற்று மேல் போவதே கடினம். ஆகவே கால்சியம் குறைந்து, சோடியமும் பைகார்பனேட்டும் மிகுந்த நீரில்தான் ஃப்ளூரைடு தங்குதடையின்றி ஏற வழி இருக்கிறது. பருப்பு சீக்கிரம் வேகிற, சோப்பு நன்றாக நுரைக்கிற நீரும் கால்சியம் குறைந்த நீரேயாகும். எல்லாக் கிணறுகளுக்கும் இது பொருந்தும் என்று சொல்ல முடியாது. கடினமான நீரிலும் ஃப்ளூரைடு இருக்கக்கூடும். ஆனால் பருப்பு கொடுக்கும் நற்சாட்சிப் பத்திரத்தை நம்பி ஒரு கிணற்றைக் குடிநீர்க் கிணறாக்கிக்கொள்வது, தர்மபுரியில் அபாயத்தை வலிய அழைப்பதாக முடியலாம் என்பது மட்டும் நிச்சயம்.

புலன்கள் கைவிட்ட அவ்விடத்தில்தான் பகுப்பாய்வு ரசாயனம் என்ற சாஸ்திரம் ஆரம்பமாகிறது. ஒரு பொருளில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்ற இரண்டே வினாக்களுக்கு விடை காண்பது அதன் தொழில். முதல் வினாவுக்கு விடை தருவது பண்பறி பகுப்பாய்வு. இரண்டாவதற்கு விடை தருவது அளவறி பகுப்பாய்வு. இரண்டாவதே கடினம் என்று பொதுவாக எண்ணுகிறார்கள். என் அபிப்பிராயத்தில், எதைத் தேடுவது என்றே தெரியாத நிலையில் முதல் வினாவே அதிகக் கடினமானது. அதற்குச் சாட்சி ஃப்ளூரைடின் வரலாற்றிலேயே இருக்கிறது.

அமெரிக்காவின் ஆர்க்கன்ஸா ராஜ்யத்தில், அலுமினியத் தாது வெட்டி எடுப்பதற்காகவே எழுந்த பாக்சைட் என்ற சிற்றூரில், பிள்ளைகளின் பற்கள் பழுப்பேறிக் கிடப்பதற்கு அவ்வூர்க் குடிநீரே காரணம் என்ற சந்தேகம் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே எழுந்துவிட்டது. கொலராடோவில் அதே நோயைக் கண்டு முப்பது ஆண்டுகள் அதைத் தொடர்ந்துகொண்டிருந்த ஃப்ரெடரிக் மெக்கே என்ற பல் வைத்தியர், நீரை எத்தனையோ முறை சோதிக்கச் செய்தும் குற்றவாளி அகப்படவில்லை. வழக்கமாகச் சோதிக்கும் பொருள்களை வழக்கமான முறைகளில் தேடினார்களே தவிர, ஃப்ளூரைடைத் தேடவேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றாததே காரணம். அலுமினியப் பாத்திரங்களில் சமைப்பது ஆரோக்கியத்துக்குக் கேடு என்ற வதந்தி பரவியிருந்த அக்காலத்தில், தங்கள் ஊரின் நோய்க்கும் அலுமினியத்தையே காரணமாகச் சொல்லிவிடுவார்களோ என்ற கவலை அலுமினியக் கம்பெனியின் தலைமை ரசாயனி எச். வி. சர்ச்சிலுக்கு உண்டாகி, 1931-ல் பாக்சைட் நீரை நிறமாலை முறையில் பரிசோதிக்குமாறு தம் உதவியாளருக்கு உத்தரவிட்டார். குறிப்பிட்ட ஒரு பொருளைத் தேடாமல், நீரில் உள்ள தனிமங்களையெல்லாம் ஒருங்கே ஒளியாகப் பேசவைக்கும் முறை அது. விடை ஃப்ளூரின் என்று வந்தது. அளவோ பத்து லட்சத்தில் 13.7 பங்கு. சர்ச்சில் அதை நம்பவில்லை. மாதிரியில் ஏதோ கலந்து கெட்டுவிட்டது என்றே கருதி, புதிய மாதிரியை மிகுந்த ஜாக்கிரதையோடு எடுத்து அனுப்பச் சொன்னார். அது வந்தது, விடை மாறவில்லை. தமக்கு நம்பிக்கை வராத எண்ணை உடனே பிரசுரிக்காமலும், பிடிக்காத எண்ணை ஒளித்துவிடாமலும், மறுபடி மாதிரி கேட்ட அந்த ஒரு செய்கையை, இத்துறையில் அடியெடுத்து வைக்கும் ஒவ்வொரு மாணவனுக்கும் சொல்லவேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அதற்கு ஆறு ஆண்டுகளுக்குப் பின், 1937-ல், அப்போதைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நெல்லூர் ஜில்லாவில் மூட்டு இறுகிக் கிடந்த கிராமவாசிகளின் நோய்க்குக் குடிநீர் ஃப்ளூரைடே காரணம் என்பதை ஷார்ட், சி. ஜி. பண்டிட், டி. என். எஸ். ராகவாச்சாரி ஆகிய மூவரும் வெளியிட்டார்கள். இந்தியாவில் இந்நோய் இன்னதென்று இனங்காணப்பட்டது அப்போதுதான். மருத்துவர்களோடு சமமாக நின்று அதில் பங்குகொண்ட ராகவாச்சாரி, நீர்ப் பரிசோதனையில் கைதேர்ந்தவர். சென்னைக் கிண்டியில் இருக்கும் கிங் இன்ஸ்டிடியூட்டின் பெயரோடு இவ்வேலை பின்னிக்கிடக்கிறது.

இனி அளவைப் பற்றிச் சொல்லலாம். இந்தியக் குடிநீர்த் தர நிர்ணயத்தின்படி (ஐ.எஸ். 10500, 2012-ஆம் ஆண்டுத் திருத்தம்), ஒரு லிட்டர் நீரில் 1 மில்லிகிராம் ஃப்ளூரைடு வரை ஏற்கத்தக்கது, வேறு நீராதாரமே இல்லாத இடத்தில் 1.5 மில்லிகிராம் வரை பொறுத்துக்கொள்ளலாம். உலக சுகாதார ஸ்தாபனமும் ஒன்றரையையே வழிகாட்டும் எல்லையாகக் கொண்டிருக்கிறது. ஒரு லிட்டர் நீர் ஏறக்குறைய பத்து லட்சம் மில்லிகிராம் எடை உடையதாகையால், லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் என்பதும் பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்பதும் நடைமுறையில் ஒன்றே. வீட்டு மாடியில் வைக்கிற ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸ் தொட்டி நிறைய நீரில், தேநீருக்குப் போடும் கால் கரண்டி சர்க்கரை அளவு கரைந்திருந்தால் எவ்வளவோ, அவ்வளவுதான் நாம் பேசும் இந்த ஒன்றரை. அதையும் அதற்கு மேலான இரண்டையும் பிழையின்றி வேறுபடுத்திக் காட்டவேண்டும் என்பதுதான் தர்மபுரியில் ஒரு பரிசோதனைச்சாலையின் முன் வைக்கப்படுகிற கோரிக்கை.

அக்காரியம் பரிசோதனைச்சாலையில் தொடங்குவதில்லை, கிணற்றடியிலேயே தொடங்குகிறது. போரிலிருந்து மாதிரி எடுக்கிறவர், குழாயில் தேங்கிக் கிடந்த பழைய நீரெல்லாம் வெளியேறும்படி சில நிமிஷங்கள் மோட்டாரை ஓடவிட்டு, அந்நீராலேயே புட்டியை இரண்டு மூன்று தரம் அலசி, பிறகே நிரப்ப வேண்டும். புட்டியும் பிளாஸ்டிக்காக இருக்கவேண்டும். ஃப்ளூரைடுக்கும் கண்ணாடிக்கும் உள்ள உறவு நம்பத்தக்கதன்று. எந்த ஊர், எந்தக் கிணறு, எவ்வளவு ஆழம், என்ன தேதி என்று புட்டியின்மேல் எழுதியிருக்க வேண்டும். ஐப்பசி மழைக்குப் பின் எடுத்த நீரும் சித்திரை வெயிலில் எடுத்த நீரும் ஒரே கிணற்றினதாயினும் ஒரே நீராகா. மாதிரி பிழைபட்டால், அதன்பின் எவ்வளவு விலையுயர்ந்த கருவியில் அளந்தாலும், வேறு யாருடைய நீரையோ மிக நுட்பமாக அளந்ததாகவே முடியும்.

அடுத்தது திட்டக் கரைசல். அறியாத ஒன்றை அளப்பதற்கு அறிந்த ஒன்று கையில் இருக்கவேண்டும் என்பது இச்சாஸ்திரத்தின் மூலப் பிரமாணம். சோடியம் ஃப்ளூரைடின் மூலக்கூறு எடை 42. அதில் ஃப்ளூரின் பங்கு 19. ஆகவே ஈரமின்றி உலர்த்திய சோடியம் ஃப்ளூரைடில் 221 மில்லிகிராமைத் துல்லியத் தராசில் நிறுத்து, கழுத்தில் ஒற்றைக் கோடு கீறிய ஒரு லிட்டர்க் குடுவையிலிட்டு, வாலைவடிநீர் விட்டுக் கரைத்து, அக்கோடு வரை நிரப்பினால், லிட்டருக்குச் சரியாக 100 மில்லிகிராம் ஃப்ளூரைடு உள்ள கரைசல் கிடைக்கும். இதை வேண்டிய அளவுக்கு நீர்க்கச் செய்து கால், அரை, முக்கால், ஒன்று என்று ஒரு வரிசை தயாரித்துக்கொண்டால், அதுவே நம் அளவுகோல். அதோடு ஃப்ளூரைடே சேராத வடிநீர் ஒன்றையும் வரிசையில் நிறுத்திவைப்பார்கள். வெற்றுச் சோதனை எனப்படும் இதன் உபயோகம் யாதெனில், நம் மருந்திலிருந்தோ பாத்திரத்திலிருந்தோ வந்து சேர்ந்த எதையும் கிணற்றின்மேல் பழியாகச் சுமத்திவிடாமல் காப்பதேயாகும்.

நீர்ப் பரிசோதனைச்சாலைகளில் நெடுங்காலமாக வழங்கிவரும் முறை ஸ்பாட்ன்ஸ் என்னும் சாயத்தைக் கொண்டு செய்வது. அமிலத்தில் கரைத்த சிர்கோனியம் உப்பு இச்சாயத்தோடு கூடிச் செந்நிறமான ஒரு கூட்டுப்பொருளாக நிற்கிறது. 50 மில்லிலிட்டர் நீரில் 10 மில்லிலிட்டர் இந்த மருந்தை விட்டால், நீரில் ஃப்ளூரைடு இருக்குமாயின் அது சிர்கோனியத்தைச் சாயத்தினிடமிருந்து பறித்துத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும். பறித்த அளவுக்குச் சிவப்பு வெளிறும். நிறம் ஏறுவதைக் கண்டு அளப்பதே உலக வழக்கமாயிருக்க, இங்கே நிறம் இறங்குவதைக் கொண்டு அளப்பது ஒரு விசேஷம். கண்ணால் பார்த்துத் தீர்மானித்தால் ஆளுக்கொரு விடை வருமாகையால், 570 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளியை அதனூடே செலுத்தி, எவ்வளவு ஒளி உறிஞ்சப்பட்டது என்பதைக் கருவி கொண்டு படிக்கிறார்கள். திட்டக் கரைசல்களின் செறிவைக் கிடையிலும், உறிஞ்சிய ஒளியைச் செங்குத்திலுமாக வரைபடத் தாளில் குறித்தால், இடமிருந்து வலமாக இறங்குகிற ஒரு நேர்கோடு வரும். கிணற்றுநீர் காட்டிய உறிஞ்சலை அக்கோட்டில் பொருத்தி, கீழே இறங்கி, செறிவைப் படித்துக்கொள்ளலாம். ஆனால் அக்கோடு 1.4 மில்லிகிராம் வரைதான் நேராக நிற்கும், அதற்குமேல் வளைந்துவிடும். நாம் எவ்வெல்லையைக் கண்டு அஞ்சுகிறோமோ அவ்வெல்லைக்குச் சற்று முன்பே அளவுகோல் முடிந்துபோவதால், சந்தேகத்துக்குரிய நீரை வடிநீர் சேர்த்துப் பாதியாகவோ கால்பங்காகவோ நீர்க்கச் செய்து அளந்து, வந்த விடையை இரண்டாலோ நான்காலோ பெருக்கவேண்டும். பெருக்க மறந்த ஒரு கைப்பிழை போதும், தீய கிணறு நல்ல கிணறாகிவிடும்.

இதைவிட நயவஞ்சகமான பிழை ஒன்று உண்டு. அதற்குக் குறுக்கீடு என்று பெயர். நீரில் அலுமினியம் இருக்குமானால், அது ஃப்ளூரைடை இறுகப் பற்றிக்கொண்டு, சிர்கோனியத்திடம் போகவிடாது. லிட்டருக்குப் பத்தில் ஒரு மில்லிகிராம் அலுமினியமே விடையைக் குறைத்துக் காட்டப் போதுமானது. நம் நாட்டில் ஃப்ளூரைடை நீக்குவதற்கு வகுக்கப்பட்ட நல்கொண்டா முறையோ, படிகாரத்தையும் சுண்ணாம்பையும் நீரில் கலக்கித் தெளியவைப்பது. படிகாரம் என்பது அலுமினிய உப்பு. ஆகவே சுத்திகரித்த நீரில் அலுமினியம் எஞ்சி நின்றுவிட்டால், ஃப்ளூரைடு நீங்கியதனால் எண் குறைந்ததா, ஃப்ளூரைடு ஒளிந்துகொண்டதனால் குறைந்ததா என்பதைச் சாயம் சொல்லாது. கிருமி நீக்கச் சேர்த்த குளோரினோ சாயத்தையே வெளுத்து, இல்லாத ஃப்ளூரைடை இருப்பதாகக் காட்டும். இவற்றுக்கெல்லாம் பரிகாரமாக, நீரைக் கந்தக அமிலத்தோடு சேர்த்துக் காய்ச்சி, ஃப்ளூரைடை மட்டும் ஆவியாக வாலையில் வடித்தெடுத்துவிட்டு, பிறகு அளப்பது பழைய சம்பிரதாயம். காலதாமதம் பிடித்தாலும், சந்தேகம் நேர்ந்த இடத்தில் அதற்கு ஈடில்லை.

1966-ல் ஃப்ரான்ட், ராஸ் என்ற இரு அமெரிக்கர்கள் வெளியிட்ட ஃப்ளூரைடு மின்முனை இவ்வேலையைப் பெரிதும் இலகுவாக்கிற்று. லாந்தனம் ஃப்ளூரைடுப் படிகத் துண்டு ஒன்றை நுனியில் பதித்த கோல் அது. நீரில் அமிழ்த்தினால், அங்குள்ள ஃப்ளூரைடின் செறிவுக்கேற்ப மின்னழுத்தம் காட்டும். செறிவு பத்து மடங்காகும்போது, 25 பாகை செல்சியஸில், அழுத்தம் சுமார் 59 மில்லிவோல்ட் மாறும்; பாதி தூரம், அதாவது முப்பது மில்லிவோல்ட் அளவு மாறினால், செறிவு ஐந்து மடங்கு ஆகிவிட்டதென்று எண்ணிவிடக் கூடாது; மூன்று மடங்கும் சொச்சமுமே ஆகியிருக்கும். சாயத்தைப்போல் இது அளவில் சீக்கிரம் களைத்துப்போவதில்லை. ஆயினும் இதற்கும் துணை மருந்து வேண்டும். நீரும் தாங்கல் கரைசலும் சம அளவாகக் கலந்த பின்பே கோலை இறக்குவார்கள். அக்கரைசல் நீரின் அமிலத்தன்மையைக் குறிக்கும் pH எண்ணை ஐந்துக்கும் ஐந்தரைக்கும் நடுவே நிறுத்தி, உப்பின் ஏற்றத்தாழ்வுகளைச் சமன்செய்து, அலுமினியத்தின் பிடியிலிருந்து ஃப்ளூரைடை விடுவித்துக் கொடுக்கிறது.

துல்லியம் என்றும் நுட்பம் என்றும் பரிசோதனையாளர்கள் இருவேறு குணங்களைப் பிரித்துப் பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். சரியாக 1.00 மில்லிகிராம் உள்ள கரைசலை, உள்ளடக்கம் இன்னதென்று சொல்லாமல் இரண்டு பேரிடம் கொடுத்ததாக வைத்துக்கொள்வோம். ஒருவர் மும்முறை அளந்து 1.31, 1.30, 1.32 என்கிறார், மற்றவர் 0.93, 1.06, 1.01 என்கிறார். முதல்வரின் எண்கள் தம்முள் நெருங்கி நிற்கின்றன. நுட்பம் உண்டு, துல்லியம் இல்லை. இரண்டாமவரின் எண்கள் சிதறினாலும் அவற்றின் சராசரி உண்மையில் வந்து விழுகிறது. முதல்வரின் குறை பெரும்பாலும் திட்டக் கரைசலிலோ கருவியிலோ பதுங்கியிருக்கும் ஒரே பிழை. எத்தனை தரம் அளந்தாலும் அது குறையாது. இரண்டாமவரின் குறை, பல தரம் அளந்து சராசரி காண்பதால் தணியும். கேட்பவருக்கு முதல்வரே கெட்டிக்காரராகத் தோன்றுவார் என்பதில்தான் ஆபத்து இருக்கிறது. இவ்விஷயத்தைத் தெரிந்துகொண்டவர், 1.4873 என்று நான்கு தசமத்தில் அச்சிட்டு வரும் பரிசோதனை அறிக்கையைக் கண்டு மயங்கமாட்டார். சாயமுறையில் பத்தில் ஒரு மில்லிகிராம் இப்படியோ அப்படியோ சாய்வது சகஜமாயிருக்க, பின்னால் வரும் இலக்கங்கள் வெறும் அலங்காரமே. 1.4 என்ற நீர் உத்தமம், 1.6 என்ற நீர் விஷம் என்று கத்தி வெட்டினாற்போலப் பிரிப்பதும் அதே காரணத்தால் தவறு. அவ்விரண்டும் ஒரே கிணற்றின் இருவேறு தினங்களாகவே இருக்கலாம்.

கிணறுகளில் அளந்த இத்தகைய எண்களின் பலத்தில்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் எழுந்தது. தர்மபுரி, கிருஷ்ணகிரி ஆகிய இரு ஜில்லாக்களுக்கும் காவிரி நீரைக் கொண்டுசேர்க்கும் இத்திட்டத்துக்கு 2008-ல் அடிக்கல் நாட்டி, ஜப்பானியக் கடனுதவியோடு சுமார் 1,928 கோடி ரூபாய்ச் செலவில் கட்டி, 2013-ல் தொடங்கிவைத்தார்கள். குடிநீர் வழங்குவதோடு ஃப்ளூரோசிஸ் எனப்படும் இந்நோயைத் தணிப்பதும் அத்திட்டத்தின் பெயரிலேயே சேர்ந்திருக்கிறது. பாறையில் தங்காமல் ஓடிவரும் ஆற்றுநீரில் ஃப்ளூரைடு சொற்பமாகையால், படிகாரம் கலக்கும் முறைகளையெல்லாம்விட இதுவே சிறந்த மாற்று என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் குழாய்நீர் வந்துவிட்டது என்பதற்காகக் கிணறுகளும் போர்களும் மூடப்பட்டுவிடவில்லை. குழாய்நீர் வராத நாளிலும், தோட்டத்து வீடுகளிலும் குடத்தை நிரப்புவது இன்றும் அவைதாம்.

அத்தகைய வீட்டார்க்குச் சொல்லவேண்டியவை சில உண்டு. நீரைக் கொதிக்கவைத்தால் கிருமி சாகும், ஃப்ளூரைடு போகாது, நீர் ஆவியாகக் குறையக் குறைய, எஞ்சியதில் அதன் செறிவு ஏறவே செய்யும். துணியில் வடிகட்டுவதும் வீண். பாலக்கோடு, பென்னாகரம், காரிமங்கலம், நல்லம்பள்ளி, அரூர், பாப்பிரெட்டிப்பட்டி என்று ஜில்லாவின் எப்பகுதியில் இருந்தாலும், சொந்தக் கிணற்று நீரைக் குடிப்பவர்கள், மேலே சொன்ன முறையில் ஒரு பிளாஸ்டிக் புட்டியில் மாதிரி எடுத்து, தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைச்சாலையில் கொடுத்து, ஃப்ளூரைடைத் தனியாகக் குறிப்பிட்டு அளந்து தரும்படி கேளுங்கள். மழைக்குப் பின் ஒருமுறையும் கோடையில் ஒருமுறையும் அளந்து, இரண்டு அறிக்கைகளையும் தேதியோடு பத்திரப்படுத்துங்கள். வீட்டில் புதுப்பல் முளைக்காத குழந்தை இருக்குமானால், அறிக்கை கைக்கு வரும்வரை அதற்கு அந்தக் கிணற்று நீரைக் கொடுக்காதீர்கள்.